இருப்பு ஒளிப்படங்களின் தரத்தேவைகள்

இருப்பு ஒளிப்படம் என்பது, குறிப்பிட்ட ஒரு வாடிக்கையாளருக்காக எடுக்கப்படாமல், பின்னர் எவரேனும் உரிமம் பெற்றுப் பயன்படுத்தும் பொருட்டு முன்கூட்டியே எடுத்துச் சேமித்து வைக்கப்படும் ஒளிப்படம் ஆகும். பாடநூல்கள், இதழ்கள், விளம்பரங்கள், பொருட்களின் உறைகள், இணையத்தளங்கள் முதலியவற்றில் காணப்படும் படங்களுள் பல இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றைத் திரட்டி உரிமம் வழங்கும் நிறுவனங்கள் இருப்புப்பட முகமைகள் எனப்படுகின்றன. முகமைகள் தமக்கு அனுப்பப்படும் படங்களைத் தொழில்நுட்பத் தரம், சட்டத் தகுதி, விற்பனைப் பயன் ஆகிய மூன்று நோக்கிலும் சோதித்த பின்னரே ஏற்றுக்கொள்கின்றன. தொடக்கநிலையாளர் அனுப்பும் படங்கள் மறுக்கப்படுவதற்குப் பெரும்பாலும் சில குறிப்பிட்ட குறைகளே காரணமாக அமைகின்றன. அவற்றுள் பல, படம் எடுக்கும்போதே தவிர்க்கக்கூடியவை.

இங்கு இருப்பு என்னும் சொல் கடையில் உள்ள சரக்கிருப்பு என்னும் பொருளில் வருகின்றது. சிலர் இதனைப் "பங்குப் படம்" என மொழிபெயர்ப்பதுண்டு. பங்குச் சந்தைக்கும் இதற்கும் தொடர்பு ஏதும் இல்லையாதலால் அது பிழையான வழக்காகும்.

வரலாறு

ஐக்கிய அமெரிக்காவில் எச். ஆம்ஸ்ட்ராங் ராபர்ட்ஸ் 1920 ஆம் ஆண்டில் தொடங்கிய நிறுவனம் இத்துறையின் முன்னோடிகளுள் ஒன்றாகக் கருதப்படுகின்றது. செருமனியில் இருந்து வெளியேறிய ஓட்டோ பெட்மன், தாம் உடன் கொண்டுவந்த படத்தொகுப்பை அடிப்படையாகக் கொண்டு 1936 இல் நியூயார்க்கில் பெட்மன் காப்பகத்தை நிறுவினார். பில் கேட்ஸ் 1989 இல் தொடங்கிய கோர்பிஸ் நிறுவனம் 1995 இல் இக்காப்பகத்தை வாங்கியது. மார்க் கெட்டி, ஜொனதன் கிளைன் ஆகியோர் கெட்டி இமேஜஸ் நிறுவனத்தைத் தொடங்கியதும் அதே 1995 ஆம் ஆண்டிலேயே ஆகும்.

படச்சுருள் காலத்தில் முகமைகள் பெரும்பாலும் தொழில்முறைக் கலைஞர்களையே சேர்த்துக்கொண்டன. 2000 ஆம் ஆண்டில் புரூஸ் லிவிங்ஸ்டன் கனடாவின் கால்கரி நகரில் தொடங்கிய ஐஸ்டாக்ஃபோட்டோ இந்நிலையை மாற்றியது. முதலில் இலவசப் பரிமாற்றத் தளமாக இருந்த இது, பின்னர் மிகக் குறைந்த விலையில் படங்களை விற்கத் தொடங்கியது. இம்முறை நுண்ணிருப்பு முறை எனலாம். ஜான் ஓரிங்கர் 2003 இல் தொடங்கிய ஷட்டர்ஸ்டாக், சந்தா முறையைப் பரவலாக்கியது. கெட்டி இமேஜஸ் 2006 இல் ஐஸ்டாக்ஃபோட்டோவை 5 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்கியது. அடோபி நிறுவனம் ஃபொடோலியாவை வாங்கி 2015 இல் அடோபி ஸ்டாக் என்னும் பெயரில் தன் சேவையைத் தொடங்கியது. விலை குறைந்த எண்ணிம ஒளிப்படக்கருவிகளும் இதே காலத்தில் பரவியமையால், ஒளிப்படவியலைத் தொழிலாகக் கொள்ளாதோரும் முகமைகளுக்குப் படங்களை அனுப்பலாயினர்.

இருப்புப் படத்துக்குப் பலரும் அறிந்த எடுத்துக்காட்டு, விண்டோஸ் எக்ஸ்பி இயக்குதளத்தின் திரையில் காணப்பட்ட பச்சைக் குன்றின் படம் ஆகும். சார்லஸ் ஓரியர் 1996 இல் கலிபோர்னியாவின் சொனோமா கவுண்டியில் காரில் செல்லும் வழியில் இதனை எடுத்தார். இது எவரும் கேட்டு எடுக்கப்பட்ட படம் அன்று. முகமை ஒன்றின் இருப்பில் கிடந்த இப்படத்தின் உரிமையை மைக்ரோசாப்ட் 2000 ஆம் ஆண்டில் வாங்கியது.

பரிசோதனை முறை

பரிசோதகர் படத்தை 100 விழுக்காட்டு அளவில், அதாவது படத்தின் ஒரு படவணு திரையின் ஒரு படவணுவுக்கு நேராக அமையுமாறு வைத்துப் பார்க்கின்றார். 6000 × 4000 படவணுக்கள் கொண்ட படத்தைச் சாதாரணக் கணினித் திரையில் முழுமையாகப் பார்க்கும்போது, ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான படவணுக்களே காட்டப்படுகின்றன. எனவே சிறு நடுக்கமும் இரைச்சலும் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. எடுத்தவருக்கு மிகத் தெளிவாகத் தோன்றும் படம் "குவியம் சரியில்லை" என்னும் குறிப்புடன் திரும்பி வருவதற்கு இதுவே முதன்மைக் காரணம் ஆகும்.

இவ்வளவு கடுமை எதற்கு என்னும் வினா எழலாம். வாங்குபவர் படத்தை எவ்வாறு பயன்படுத்துவார் என்பது முகமைக்கு முன்கூட்டியே தெரியாது. ஒருவர் அதனை இணையப் பக்கத்தில் விரலளவாக இடலாம். வேறொருவர் அதன் ஒரு மூலையை மட்டும் வெட்டி நூலின் அட்டை முழுவதும் அச்சிடலாம். ஆகவே படம் அரைகுறையாக முடிக்கப்பட்ட மூலப்பொருளாகவே கருதப்படுகின்றது. நிறத்தை மிகைப்படுத்துதல், ஓரங்களைக் கருமையாக்குதல், சட்டமிடுதல், பெயர் பொறித்தல் போன்றவற்றைச் செய்துவிட்டால் வடிவமைப்பாளர் அவற்றை நீக்க இயலாது. நண்பர்களிடையே பாராட்டுப் பெற்ற படங்கள் மறுக்கப்படுவதும், பார்வைக்குச் சற்றே சப்பென்று இருக்கும் படங்கள் ஏற்கப்படுவதும் இதனால்தான்.

ஷட்டர்ஸ்டாக், அடோபி ஸ்டாக் ஆகியவை குறைந்தது 4 மெகாபிக்சல் அளவுள்ள ஜேபெக் கோப்புகளைக் கேட்கின்றன. பிரித்தானியாவின் அலமி, கோப்பு விரிந்த நிலையில் 17 மெகாபைட்டுக்கு மேல் இருக்கவேண்டும் எனக் கூறுகின்றது. படவணு ஒன்றுக்கு 3 பைட்டு எனக் கொண்டால் இது ஏறத்தாழ 6 மெகாபிக்சல் ஆகும். அலமியில் ஒரு படம் தேறாவிடின் அதனுடன் அனுப்பிய தொகுதி முழுவதும் மறுக்கப்படும் என்பது குறிப்பிடத்தக்கது. ஷட்டர்ஸ்டாக்கில் முன்னர், தேர்வுக்கு அனுப்பிய 10 படங்களில் 7 ஏற்கப்பட்டால் மட்டுமே ஒருவர் உறுப்பினராக முடிந்தது. இவ்விதி பின்னர் தளர்த்தப்பட்டது.

இரைச்சல்

எண்ணிமப் படங்களில் சமநிறப் பரப்புகளில், குறிப்பாக வானத்திலும் நிழற்பகுதிகளிலும், மணல் தூவியது போலத் தோன்றும் புள்ளிகள் இரைச்சல் எனப்படுகின்றன. ஐஎஸ்ஓ எண்ணைக் கூட்டினால் இரைச்சல் கூடும் எனப் பொதுவாகச் சொல்லப்படுகின்றது. உண்மையில் அடிப்படைக் காரணம் உணரியை அடையும் ஒளி குறைவதே ஆகும். ஒளி ஃபோட்டான்களாக வந்து சேர்கின்றது. அவற்றின் எண்ணிக்கை ஒரே சீராக இராமல், சராசரியின் வர்க்கமூலம் அளவுக்கு ஏறி இறங்கும். ஒரு படவணுவில் 10,000 ஃபோட்டான்கள் விழுந்தால் ஏற்ற இறக்கம் 100. அதாவது நூற்றில் ஒரு பங்கு. அதே படவணுவில் 100 ஃபோட்டான்களே விழுந்தால் ஏற்ற இறக்கம் 10. அதாவது பத்தில் ஒரு பங்கு. எவ்வளவு விலையுயர்ந்த கருவியாயினும் இந்த இயற்பியல் எல்லையைக் கடக்க இயலாது.

இதிலிருந்து ஒரு நடைமுறை முடிவு கிடைக்கின்றது. இரைச்சலுக்கு அஞ்சி ஐஎஸ்ஓவைக் குறைத்து, இருட்டாக எடுத்து, பின்னர் கணினியில் வெளிச்சமாக்குவது பயன் தராது. கருவிகளின் மூலக்கோப்பு ஒளியளவை நேர்விகிதத்தில் பதிவு செய்கின்றது. 12 பிட்டு மூலக்கோப்பில் உள்ள 4096 படிநிலைகளில் 2048, மிகவும் வெளிச்சமான முதல் நிறுத்தத்துக்கே செல்கின்றன. அடுத்ததற்கு 1024, பின்னர் 512, 256 எனக் குறைந்து ஐந்தாம் நிறுத்தத்தில் 128 படிநிலைகளே எஞ்சுகின்றன. இருண்ட பகுதியை இழுத்து வெளிச்சமாக்கும்போது இந்தப் பற்றாக்குறை பட்டைபட்டையான நிறமாற்றமாகவும், வண்ணப் புள்ளிகளாகவும் வெளிப்படும். எனவே, வெண்பகுதிகள் வெளுத்துப் போகாத வரையில் கூடுதல் ஒளியுடன் எடுப்பதே நன்று. ஹிஸ்டோகிராம் எனப்படும் ஒளிப்பரவல் வரைபடம் வலப்புறச் சுவரை முட்டாமல், அதனை அணுகி நிற்கவேண்டும். கருவியின் பின்புறத் திரையை மட்டும் நம்புதல் கூடாது. உச்சி வெயிலில் எல்லாப் படமும் இருட்டாகவும், இரவில் எல்லாப் படமும் வெளிச்சமாகவும் தோன்றும்.

இரைச்சல் நீக்கும் மென்பொருட்கள் உள்ளன. ஆயின் அளவுக்கு மிஞ்சிப் பயன்படுத்தினால் தோல் மெழுகு போலவும், இலைகள் நீர்வண்ண ஓவியம் போலவும் ஆகிவிடும். இதுவும் மறுப்புக்கு உரிய குறையே. கைப்பேசிக் கருவிகள் இவ்வேலையைத் தாமாகவே செய்துவிடுவதால், நல்ல ஒளியில் எடுத்த கைப்பேசிப் படங்கள் தேறுவதும், விளக்கொளியில் எடுத்தவை தேறாமையும் காணப்படுகின்றன.

கூர்மையும் நடுக்கமும்

கையில் பிடித்து எடுக்கும்போது ஷட்டர் வேகம் குவியத் தூரத்தின் தலைகீழ் எண்ணுக்குக் குறையாமல் இருக்கவேண்டும் என்பது பழைய விதி. இது படச்சுருளில் எடுத்து நடுத்தர அளவில் அச்சிட்ட காலத்துக்கு உரியது. 100 விழுக்காட்டில் பார்க்கப்படும் படத்துக்கு அவ்வேகத்தின் இரு மடங்காவது தேவைப்படும். சிறிய உணரி கொண்ட கருவியில் 50 மில்லிமீட்டர் வில்லை, 75 மில்லிமீட்டர் வில்லைக்குச் சமமான பார்வைக் கோணத்தைத் தருவதால், 1/160 வினாடி பாதுகாப்பானது. அசையாத பொருளாயின் முக்காலி அதனினும் சிறந்தது. நடுக்கம் கட்டுப்படுத்தும் வில்லைகள் எடுப்பவரின் கைநடுக்கத்தைக் குறைக்குமேயன்றி, ஓடும் குழந்தையை நிறுத்தி வைக்கா.

துளையைச் சிறிதாக்கினால் எல்லாம் கூர்மையாகும் என்னும் கருத்து பாதி உண்மையே. புல ஆழம் கூடும். எனினும் ஒளியின் விளிம்பு விளைவால் ஒவ்வொரு புள்ளியும் சிறு வட்டாகப் பரவும். பச்சை ஒளிக்கு எஃப்/8 துளையில் இவ்வட்டின் விட்டம் ஏறத்தாழ 11 நுண்மீட்டர். எஃப்/22 இல் ஏறத்தாழ 30 நுண்மீட்டர். 24 மெகாபிக்சல் கொண்ட சிறிய உணரியில் ஒரு படவணுவின் அகலம் 4 நுண்மீட்டர் அளவே ஆகும். ஆகவே எஃப்/22 இல் ஒரு புள்ளி ஏழு படவணுக்களுக்கு மேல் பரவி நிற்கும். உணரியில் படிந்த தூசியும் சிறிய துளைகளிலேயே வானத்தில் சாம்பல்நிறப் புள்ளியாகத் தெரியும். பெரும்பாலான வில்லைகள் எஃப்/5.6 முதல் எஃப்/11 வரையிலான துளைகளில் சிறந்த கூர்மையைத் தருகின்றன.

மனிதர், விலங்குகள் ஆகியவற்றின் படத்தில் குவியம் கண்ணில் இருத்தல் வேண்டும். மூக்கு நுனியில் குவிந்து கண் மங்கிய படங்களைக் கூர்மையாக்கும் மென்பொருளால் மீட்க இயலாது. கூர்மையாக்கம் விளிம்புகளின் இருபுறமும் உள்ள வேறுபாட்டைக் கூட்டுகின்றதேயன்றி, பதிவாகாத விவரத்தைத் தருவதில்லை. அளவு மீறினால் விளிம்புகளைச் சுற்றி வெள்ளைக் கோடு தோன்றும்.

நிறமும் கோப்பும்

கருவியின் உணரியில் ஒவ்வொரு படவணுவும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றுள் ஒரு நிறத்தை மட்டுமே அளக்கின்றது. கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976 இல் காப்புரிமை பெற்ற வடிகட்டி அமைப்பே இன்றும் பெரும்பாலான கருவிகளில் பயன்படுகின்றது. எஞ்சிய இரு நிறங்களும் அண்டைப் படவணுக்களிலிருந்து கணிக்கப்படுகின்றன. எனவே முழு அளவில் பார்க்கும்போது ஒரு மென்மை இயல்பாகவே இருக்கும்.

இவ்வுண்மையைத் தொடக்கநிலையாளர் தமக்குச் சாதகமாக்கிக் கொள்ளலாம். 24 மெகாபிக்சல் படத்தை நீள அகலங்களில் பாதியாக, 3000 × 2000 ஆகச் சுருக்கினால், நான்கு படவணுக்களின் சராசரி ஒன்றாகின்றது. தற்செயல் இரைச்சல் பாதியாகக் குறையும். சிறு குவியப் பிழையும் மறையும். கிடைக்கும் 6 மெகாபிக்சல் படம் ஷட்டர்ஸ்டாக், அடோபி ஸ்டாக் ஆகியவற்றின் கீழெல்லையைக் கடக்கின்றது. அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வீதம் 10 அங்குல அகலத்தில் அச்சிடவும் போதும். இது ஏமாற்று வேலை அன்று. மறுதலையாக, சிறிய படத்தைப் பெரிதாக்கி அனுப்புவதை முகமைகள் ஏற்பதில்லை.

வெண்சமநிலை தவறினால் விளக்கொளியில் எடுத்த படம் மஞ்சளாகவும், நிழலில் எடுத்தது நீலமாகவும் ஆகும். மூலக்கோப்பில் எடுத்திருப்பின் இதனைப் பின்னர் இழப்பின்றித் திருத்தலாம். கிளைகளுக்கும் வானுக்கும் இடையே ஊதா அல்லது பச்சை விளிம்பாகத் தெரியும் நிறப்பிறழ்ச்சியையும் டார்க்டேபிள், ராதெரபி போன்ற கட்டற்ற மென்பொருட்கள் பெருமளவு நீக்குகின்றன. ஜேபெக் முறை படத்தை 8 × 8 படவணுக் கட்டங்களாகப் பிரித்து இறுக்குவதால், மாற்றம் செய்து மீண்டும் மீண்டும் சேமிக்கும்போது கட்டங்களின் ஓரங்கள் வெளித்தெரியும். எனவே மூலக்கோப்பில் அல்லது இழப்பில்லா வடிவில் வேலை செய்து, இறுதியில் ஒரு முறை மட்டும் உயர்தர ஜேபெக்காகச் சேமிக்கவேண்டும். நிறவெளி எஸ்ஆர்ஜிபி ஆக இருத்தல் வழக்கம்.

பொருளும் அமைப்பும்

தொழில்நுட்பக் குறை ஏதும் இல்லாத படமும் விற்பனைப் பயன் இன்மையால் மறுக்கப்படலாம். மலர், சூரிய மறைவு, பூனை ஆகியவை முகமைகளில் ஏற்கெனவே குவிந்து கிடக்கின்றன. வேலைத்தலம், கருவிகளைக் கையாளும் கைகள், மருத்துவம், உள்ளூர் உணவு தயாரிக்கும் படிநிலைகள் போன்றவை தேவைப்படுபவை. வடிவமைப்பாளர் எழுத்தை இடுவதற்கு ஏற்ற வெற்றிடம் ஒரு பக்கத்தில் இருப்பின் பயன் கூடும். தொடுவானம் சாய்ந்திருத்தல், தலையிலிருந்து கம்பம் முளைத்தது போன்ற பின்னணி, ஒரே காட்சியைச் சிறு மாற்றத்துடன் இருபது முறை அனுப்புதல் ஆகியவை எளிதில் தவிர்க்கத்தக்க பிழைகள்.

அனுமதிகள்

வணிகப் பயன்பாட்டுக்கான படத்தில் அடையாளம் காணத்தக்க மனிதர் இருந்தால், அவர் கையொப்பமிட்ட மாடல் ரிலீஸ் எனப்படும் உருவ அனுமதிப் படிவம் தேவை. சிறுவராயின் பெற்றோர் அல்லது காப்பாளர் கையொப்பமிட வேண்டும். முகம் தெரியாவிடினும், பச்சை குத்திய கையைக் கொண்டோ சூழலைக் கொண்டோ அடையாளம் காண இயலுமாயின் படிவம் கேட்கப்படும்.

இது வெறும் அலுவலக நடைமுறை அன்று. 2007 ஆம் ஆண்டில் ஆசுத்திரேலியக் கைப்பேசி நிறுவனம் ஒன்று, ஐக்கிய அமெரிக்காவின் டெக்சாசு மாநிலத்தைச் சேர்ந்த பள்ளிச் சிறுமி ஒருத்தியின் படத்தைப் பரிகாசத் தொனியுள்ள விளம்பரப் பலகைகளில் பயன்படுத்தியது. படத்தை எடுத்தவர் அதனைக் கட்டற்ற உரிமம் ஒன்றின்கீழ் இணையத்தில் வெளியிட்டிருந்தார். சிறுமியிடமோ குடும்பத்தாரிடமோ எவரும் கேட்கவில்லை. குடும்பத்தார் தொடுத்த வழக்கு அந்நீதிமன்றத்தின் அதிகார எல்லைக்குள் வராது என்னும் அடிப்படையில் தள்ளப்பட்டது. எடுத்தவரின் பதிப்புரிமையும் படத்தில் உள்ளவரின் இசைவும் இருவேறு உரிமைகள் என்பதை இந்நிகழ்வு பலருக்கும் உணர்த்தியது. படிவத்தில் கையொப்பம் பெறும்போது, அப்படம் எந்நாட்டில் எவ்விளம்பரத்திலும் வரக்கூடும் என்பதை அவருக்குப் புரியும் மொழியில் சொல்லுதல் எடுப்பவரின் கடமை. சந்தையிலோ வயலிலோ எடுத்த முதியவரின் முகம், அவர் அறியாத நோய் மருந்தொன்றின் விளம்பரமாகலாம்.

வணிகச் சின்னங்கள், பெயர்ப்பலகைகள், பொம்மைகள், சுவரோவியங்கள் ஆகியவையும் நீக்கப்படவேண்டும். ஈஃபெல் கோபுரத்தைப் பகலில் எடுத்த படம் ஏற்கப்படும். இரவுப் படத்தில் உள்ள ஒளியமைப்புக்குத் தனிப் பதிப்புரிமை கோரப்படுவதால் அது மறுக்கப்படும். இந்தியாவின் 1957 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கட்டடங்களையும், பொதுவிடத்தில் நிலையாக வைக்கப்பட்ட சிற்பங்களையும் ஒளிப்படம் எடுத்து வெளியிட விலக்களிக்கின்றது; எனினும் முகமைகள் சட்டத்தினும் கடுமையான விதிகளை வைத்திருப்பதுண்டு. அனுமதி பெற இயலாத திருவிழா, ஊர்வலம் முதலியவற்றின் படங்களைச் செய்தி, கல்வி ஆகிய பயன்பாட்டுக்கு மட்டும் எனக் குறித்து அனுப்பலாம். அத்தகைய படங்களில் எதையும் அழிக்கவோ சேர்க்கவோ கூடாது.

குறிச்சொற்கள்

தேடலில் அகப்படாத படம் விற்பதில்லை. ஷட்டர்ஸ்டாக் 7 முதல் 50 வரையும், அடோபி ஸ்டாக் 49 வரையும் குறிச்சொற்களை ஏற்கின்றன. அடோபி ஸ்டாக்கில் முதல் 10 சொற்களுக்குக் கூடுதல் மதிப்பு உண்டு. படத்தில் இல்லாத பொருட்களைச் சேர்த்தல் மறுப்புக்கு உரியது. செடியையோ பறவையையோ எடுத்தவர் அதன் அறிவியற் பெயரைச் சரிபார்த்து இடுதல் பயன்தரும். பாடநூல் பதிப்பாளர் அவ்வாறே தேடுகின்றனர்.

வருவாய்

ஷட்டர்ஸ்டாக் 2020 சூன் மாதத்தில் தன் பங்கீட்டு முறையை மாற்றியது. அதற்கு முன்னர் புதியவருக்குச் சந்தாப் பதிவிறக்கம் ஒன்றுக்கு 25 சென்ட் கிடைத்தது. புதிய முறையில் பங்கு 15 முதல் 40 விழுக்காடு வரை படிநிலைகளாக்கப்பட்டு, குறைந்த அளவு 10 சென்ட் ஆனது. ஒவ்வொரு சனவரி முதல் நாளிலும் அனைவரும் மீண்டும் முதற்படிக்கு இறக்கப்பட்டனர். இதனால் பலர் தம் படங்களை விற்பனையிலிருந்து விலக்கினர். ஒரு படத்தைத் திருத்த ஒரு மணி நேரம் செலவிடுபவர், அது எத்தனை முறை விற்றால் அந்நேரத்துக்கு ஈடாகும் எனக் கணக்கிட்டுப் பார்த்தல் நல்லது. எடுக்கும்போதே சரியாக எடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

செயற்கை நுண்ணறிவால் உருவாக்கப்படும் படங்கள் 2022 முதல் இச்சந்தையில் நுழைந்தன. அவ்வாண்டு செப்டம்பரில் கெட்டி இமேஜஸ் அவற்றை ஏற்பதை நிறுத்தியது. டிசம்பரில் அடோபி ஸ்டாக், உரிய அடையாளக் குறிப்புடன் ஏற்பதாக அறிவித்தது. கைகுலுக்கும் வணிகர், வெள்ளைப் பின்னணியில் ஆப்பிள் போன்ற பொதுப்படையான படங்களே இவற்றால் முதலில் போட்டிக்கு உள்ளாயின. குறிப்பிட்ட ஊர், குறிப்பிட்ட தொழில், குறிப்பிட்ட உயிரினம் ஆகியவற்றின் உண்மையான பதிவை அவை தர இயலாது.

கட்டற்ற களஞ்சியங்கள்

விற்பனைப் பயன் இல்லை என முகமைகள் திருப்பும் படங்களுள் பல கலைக்களஞ்சியங்களுக்கு மிகவும் தேவையானவை. விக்கிமீடியா பொதுவகத்தில் பயனர்கள் எடுத்த படங்களைத் தரமான படங்கள் எனத் தேர்ந்தெடுக்கும் முறை உள்ளது. அதற்கு வேண்டிய கீழெல்லை 2 மெகாபிக்சல் ஆகும். இரைச்சல், கூர்மை, ஒளியளவு, சாய்வு ஆகியவை அங்கும் ஏறத்தாழ இதே முறையிலேயே பார்க்கப்படுகின்றன. முகமைகளைப் போலன்றி, குறையைச் சுட்டும் பயனர்கள் அதனைத் திருத்தும் வழியையும் எழுதிவைப்பதுண்டு. திருத்திய படத்தை மீண்டும் முன்மொழியலாம்.